விசாலத்துக்கு ஒரு வரி

வெந்நீர் கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று ரஞ்சிதம் சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி ஆகிறது. சிவசைலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பளிக் குல்லாவையும் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். குளிக்கப் போகிறவர் குல்லாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், அவருக்கு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்த உறைபனி வெயில் பட்ட பக்கம் மட்டும் கரைந்து பச்சையாகிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்த உடனே, 'இந்த மலையைப் பார்த்தா மனசுல இருக்கற பாரமெல்லாம் இறங்கிப்போகுதுங்க' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. எபிசோட் முந்நூற்றுப் பதினாறு. தேனிலவுக்குப் போன மூத்த மருமகள் பேசியது. போச்சு, மலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டார். கோத்தகிரிக்கு வந்து பத்து நாளாக இதே கதைதான். பனியைப் பார்த்தால் ஒரு எபிசோட், காக்கையைப் பார்த்தால் ஒரு எபிசோட். ஒன்பது வருஷம், வாரத்துக்கு ஆறு நாள், ஒரே தொடருக்கு வசனம் எழுதினால் உலகத்தில் எதுதான் மிச்சம் இருக்கும்? டாக்டர் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். தயாரிப்பாளர் சுருக்கமாகச் சொன்னார், "ரெண்டு வாரம் மலையில உட்கார்ந்து ரீசார்ஜ் பண்ணிட்டு வாங்க சார், நம்ம நண்பர் வீடு சும்மாத்தான் கிடக்கு." டிசம்பர் குளிரில் யார் மலைக்குப் போவார்கள் என்று கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. புது நோட்டு ஒன்று, பேனா நான்கு, மனைவி கோமதி எடுத்து வைத்த ஸ்வெட்டர் இரண்டு. நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டாயிற்று. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நோட்டு கிடக்கட்டும், தொடர் கிடக்கட்டும், இன்றைக்கு அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். தொடரில் அப்பாவாக நடித்த நாகலிங்கம் அண்ணனுக்கு இன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம். மத்தியானத்துக்குள் அவர் மனைவி சௌந்தரம் அண்ணிக்குப் போன் செய்து, சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ரஞ்சிதம் வாளியைக் கதவருகில் வைத்துவிட்டு, "விறகு ஈரமுங்க சார், பத்தவே மாட்டேங்குது," என்றாள். இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். அவர் டிவிக்கு எழுதுகிறவர் என்பது வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதிலிருந்து வாளி வைக்க வந்தாலும் ஐந்து நிமிஷம் நிற்பாள். "சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அப்பா வேஷம் கட்டினவரு செத்துட்டாருன்னு போன்ல போட்டாங்க. கதையில அவரு காசிக்குல்ல போயிருக்காரு. இனி அவருக்குப் பதில் யாரு சார்?" சிவசைலம், "இன்னும் முடிவாகலைம்மா," என்றார். "புது ஆளைப் போட்டா ஒரு வாரத்துக்குக் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும். முன்னாடி சின்ன மருமகளை மாத்தினப்பகூட அப்படித்தான இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நாலு வருஷத்தில் ஏழு பேரை மாற்றியிருக்கிறார்கள். திரையின் அடியில் ஒரு பட்டை ஓடும், இனி இவருக்குப் பதில் இவர் என்று. அவ்வளவுதான், மறுநாள் புது முகம் பழைய புடவையில் வந்து பழைய வசனத்தைப் பேசும். யாரும் செத்துப்போக வேண்டியதில்லை. சிவசைலம் வாளியில் கையை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு என்று சொல்லலாம், அதுவும் தாராள மனசோடு சொன்னால். சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டபோது பல் கிட்டித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் படுக்க வைத்திருந்த அண்ணனைக் குளிப்பாட்டியபோதும் தண்ணீர் இப்படித்தான் இருந்திருக்கும், அதை யார் தொட்டுப் பார்த்தார்கள், என்று ஒரு நினைப்பு வந்தது. இது எந்த எபிசோடிலும் இல்லை. ஆனால் இதைப் போய் அண்ணியிடம் சொல்ல முடியுமா?

அன்றைக்கு அண்ணன் வீட்டில் நடந்ததை நினைக்கக் கூடாது என்றுதான் மலை ஏறியது. நினைக்கக் கூடாது என்று முடிவு செய்கிற விஷயம் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது? வளசரவாக்கத்துச் சந்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். தொடரின் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். விசாலம் வேஷத்தில் நடிக்கிற அம்மாள் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அழுதுவிட்டுப் போனாள். விசாலம் கதையில் நாகலிங்கத்தின் மனைவி. ஒன்பது வருஷமாக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் அதற்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தவர் சிவசைலம். நிஜ மனைவி சௌந்தரம் சுவரில் சாய்ந்து, அழாமல், வருகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவசைலம் போய் எதிரில் குந்தினார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தாளர், வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவர், ஏதாவது சொல்லப்போகிறார் என்று அந்த இடமே கொஞ்சம் அடங்கியது. அவர் வாயைத் திறந்தார். வாய் தானாகப் பேசியது. "போனவங்க எங்கயும் போறதில்ல அண்ணி. நாம பேசாம இருக்கற நேரமாப் பார்த்துப் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கறாங்க." சொல்லி முடிப்பதற்குள்ளேயே உள்ளே மணி அடித்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு. விசாலத்தின் அம்மா செத்தபோது நாகலிங்கம் அவளிடம் சொன்னது. அந்த வாரம் தொடர் முதலிடத்துக்கு வந்தது, கேக் வெட்டினார்கள். சௌந்தரம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "இது அவர் சொன்னது," என்றாள். பிறகு, "உங்களோடது ஏதாவது இருந்தாச் சொல்லுங்க," என்றாள். பக்கத்தில் நின்ற யாரோ இருமினார்கள். சிவசைலம் தேடினார். மூட்டை மூட்டையாக வந்தது, எல்லாவற்றின் மேலும் எண் குத்தியிருந்தது. எழுந்து, செருப்பைத் தேடி, வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த வீட்டில் போன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் தேயிலைக்கு நடுவே கால் மைல் நடந்து, பஸ் நிற்கும் வளைவுக்குப் போக வேண்டும். ஈரத் தலையின் மேல் குல்லாவைப் போட்டுக்கொண்டு நடந்தார். வாயைத் திறந்தால் புகை வந்தது. சின்ன வயசில் கடையத்தில் மார்கழிக் காலையில் இப்படிப் புகை விட்டு பீடி குடிக்கிற மாதிரி விளையாடியது... வேண்டாம், அது எண்பத்தெட்டு, மூத்த மகனின் குழந்தைப் பருவத்துக் காட்சி. இனி என் பிள்ளைப்பிராயம்கூட எனக்கில்லையா என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. யார் எடுத்துக்கொண்டார்கள்? தானேதான் தொடருக்குக் கொடுத்தது. அள்ளி அள்ளிக் கொடுத்தது. அப்பா வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அம்மா அரிசியை இரண்டு முறை கழுவினாள், கொடுத்தாயிற்று. கோமதி முதல் பிரசவத்தில் சொன்னது, கொடுத்தாயிற்று. அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த கோமதி பாதியிலேயே எழுந்து போய்த் துணி மடித்தாள். அதிலிருந்து அவள் அவரிடம் முக்கியமானது எதையும் சொல்வதில்லை என்பதை இரண்டு வருஷம் கழித்துத்தான் கவனித்தார். கவனித்ததும், இது நல்ல காட்சி என்றுதான் முதலில் தோன்றியது. அப்படிப்பட்ட ஆளைப் பார்த்து, உங்களோடது ஏதாவது இருந்தாச் சொல்லுங்க என்றால் என்ன செய்வான்? காலுக்கடியில் புல் நொறுங்கியது. பனியில் விறைத்த புல் இப்படி அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பது இங்கே வந்துதான் தெரியும். இதுவாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்து ரெண்டு தரம் வேண்டுமென்றே மிதித்தார். ஆனால் அண்ணி, இங்க புல்லு நொறுங்குது என்றா சொல்வது?

வளைவில் நிழற்குடைச் சிமெண்டு பெஞ்சு சில்லிட்டுக் கிடந்தது. துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தார். மணி பதினொன்று. இந்நேரம் ஐயர் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லிக்கொண்டிருப்பார். அண்ணன் மகன்கள் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். மகளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது, நாகலிங்கம் மாமா வீட்டுக்குப் போகலையாப்பா என்று. பதில் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று போடலாம். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தது. அவருக்கு ஓய்வு, மலையில் இருக்கிறார், பாவம், மூளை சூடாகிவிட்டது. நல்ல வசதி. இறந்தவனின் வீட்டுக்குப் போக பயந்து ஒளிந்துகொண்டவனுக்கு டாக்டர் சீட்டு. ஒரு வரி, ஒரே ஒரு வரி. 'அண்ணன் இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு.' நூற்று நாற்பது. 'என்ன சொல்றதுன்னே தெரியலை அண்ணி.' அது முப்பது தரமாவது வந்திருக்கும். 'மனசைத் தேத்திக்குங்க.' இதற்கு எண்ணே தேவையில்லை, ஊரே எழுதியது. இது வெறும் அலுப்பா, இல்லை நிஜமாகவே மூளையில் ஏதாவது தேய்ந்துவிட்டதா? பெரியப்பா கடைசிக் காலத்தில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், சாவி எங்கே, சாவி எங்கே என்று. எந்தச் சாவி என்று யாருக்கும் தெரியாது. தனக்கும் அப்படி ஆகிவிட்டால்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டாயிரத்து எண்ணூறு எபிசோடையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பார், கோமதி தலைமாட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். இந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது. பஸ் ஒன்று வந்து நின்றது. நான்கு பெண்கள் இறங்கி, அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனார்கள். கண்டக்டர், "ஏறலையா?" என்றான். இல்லை என்று தலையாட்டினார்.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டே காலும் ஆனது. வெயில் வந்து காலில் விழுந்தது. இதற்கு மேல் போனால் காரியம் முடிந்து, பந்தி முடிந்து, ஆட்கள் கிளம்பி, அப்புறம் இந்த ஜென்மத்தில் கூப்பிட முடியாது என்று பட்டது. அண்ணியின் நம்பர் அவரிடம் இல்லை. அண்ணனின் நம்பர்தான் இருந்தது. நாகலிங்கம் அண்ணன் என்ற பெயரைத் தொட்டதும், திரையில் அவர் படம் வந்தது. போன தீபாவளிக்கு சட்டைக் காலரில் மஞ்சளோடு எடுத்துக்கொண்டது. அண்ணனே எடுத்து, "என்னப்பா சைலம், வசன பேப்பர் ரெடியா?" என்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று முட்டாள்தனமாக ஆசைப்பட்டார். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" சௌந்தரத்தின் குரல்தான். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ ஒருவர் இன்னொரு இலை கேட்கிற சத்தம்.

"அண்ணி, நான் சைலம்."

"ம்."

"காரியம் ஆயிடுச்சா அண்ணி?"

"ஆயிடுச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க வரலை."

"வரலை அண்ணி. பயந்துட்டேன்."

சொன்ன பிறகு ஒரு நொடி காத்திருந்தார். எண் எதுவும் வரவில்லை. அதனால் சந்தோஷமும் வரவில்லை. அவமானமாகத்தான் இருந்தது.

"எதுக்குப் பயம்?"

"அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு. என்னோடது ஏதாவது இருந்தாச் சொல்லச் சொன்னீங்க. பதினாறு நாளாத் தேடிட்டேன். ஒண்ணும் இல்லை அண்ணி."

அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது; கதவு ஒன்று மூடியது; பாத்திரச் சத்தம் சின்னதாகிப்போனது. தன்னைத் திட்டத்தான் தனி அறைக்குப் போகிறாள் என்று நினைத்து அவர் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டார். திட்டிவிட்டால் தேவலை. ஆனால் அவள் குரல் திட்டுகிற குரலாக இல்லை.

"நான் உங்களைக் குத்திக்காட்டிக் கேக்கலை சைலம். அது அவர் எனக்குச் சொன்னது. காலையில கார் வர்றதுக்கு முன்னாடி பேப்பரை எடுத்துக்கிட்டு அடுப்படிக்கு வந்துடுவாரு. நான் சட்னி அரைச்சுக்கிட்டு இருப்பேன். மிக்சியை நிறுத்துன்னுவாரு. நிறுத்தினா என்னை எதிர்ல நிக்க வெச்சுச் சொல்லிப் பார்ப்பாரு. விசாலத்துக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்குத்தான் முதல்ல சொன்னாரு. ஒம்பது வருஷம். மத்தபடி எங்கிட்ட அவரு என்ன பேசினாரு? காப்பி கொண்டா, கதவைச் சாத்து. அவ்வளவுதான். குறையாச் சொல்லலை, அப்படி ஒரு மனுஷன். எங்கம்மா செத்தப்பகூட ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டு மாசம் கழிச்சு உங்க பேப்பர் வந்துச்சு, விசாலத்தோட அம்மா செத்துட்டாங்கன்னு. நிக்க வெச்சுச் சொன்னாரு. அன்னிக்குத்தான் எங்கம்மாவுக்கு நான் அழுதேன். அதைப் போய் நீங்க உங்க வாயால சொன்னதும், கொடுத்ததைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்துட்டீங்களோன்னு ஆயிடுச்சு எனக்கு."

சிவசைலம் ஒன்பது வருஷமாக வீட்டிலும் காரிலும் உட்கார்ந்து, கால அவகாசம் இல்லாமல், டீ குடித்துக் குடித்து, இது போதும் இவர்களுக்கு என்று அலட்சியமாக எழுதித் தள்ளியதெல்லாம் தினம் காலையில் ஒரு அடுப்படியில் ஒருத்தி மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்டதா? எத்தனை நாள் பழையதையே திருப்பிப் போட்டிருக்கிறார். எத்தனை நாள் விசாலத்துக்கு ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறார். அந்த நாளெல்லாம் அவள் சட்னியைத் தொடர்ந்து அரைத்திருப்பாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் சௌந்தரம். "ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு அவர் போனுக்கு ஒரு பேப்பர் வந்துச்சாமே. மேனேஜர் சொன்னாரு. பெரியவன் போனைச் சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டான். அதை அவரு எனக்குச் சொல்லிக் காட்டலை. அதுல விசாலத்துக்கு ஏதாவது இருந்துச்சா?"

அந்தப் பேப்பர் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நான்கு காட்சி. கல்யாண மண்டபத்தை மாற்றியதற்காக நாகலிங்கம் சம்பந்தியோடு சண்டை போடுகிறார். நான்கிலும் அதே சண்டை. விசாலம் மூன்றாவது காட்சியில் ஒரு தரம் வருகிறாள். 'விசாலம் காபி கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். அதோடு சரி. இல்லை அண்ணி என்று சொன்னால் முடிந்தது. அது உண்மை. அவருடைய சொந்த வார்த்தையும்கூட. பதினாறு நாளாக ஒரு சொந்த வார்த்தைக்குத்தானே அலைந்தது, இதோ வாயில் வந்து நிற்கிறது. காதில் அவள் மூச்சு கேட்டது.

"இருந்துச்சு அண்ணி," என்றார்.

"என்ன?"

மனசில் ஒன்றும் இல்லை. தேயிலைக்குள் இறங்கிய பெண்களில் யாரோ ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டாள்.

"கதையில பெரியவர் வெளியில இருந்து வர்றாரு. விசாலம் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அவகிட்டச் சொல்றாரு. 'நீ போய்ப் படு விசாலம். இன்னிக்கு நான் கதவைச் சாத்திக்கறேன்.'"

சிவசைலம் லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தார். போகவில்லை.

"இன்னிக்கு நான் சாத்திக்கறேன்," என்று சௌந்தரம் மெதுவாகச் சொன்னாள். அப்புறம், "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான் அண்ணி."

"படம் பிடிச்சாச்சா அதை?"

"இல்லை. அதுக்குள்ளதான் அண்ணன்..."

"அப்ப அதை யாருக்கும் கொடுத்துடாதீங்க சைலம். புதுசா ஒருத்தரைப் போடப்போறாங்களாமே. அவருக்குக் கொடுத்துடாதீங்க."

"மாட்டேன் அண்ணி."

"சரி. வெச்சுடறேன். பந்தி பார்க்கணும்," என்று அவள் வைத்துவிட்டாள்.

போன் சூடாக இருந்தது. அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சிவசைலம் உட்கார்ந்திருந்தார். பொய் சொன்னது உறுத்தியது. அவள் நம்பிவிட்டாளா, நம்பின மாதிரி எடுத்துக்கொண்டாளா என்பது இனி எப்போதும் தெரியப்போவதில்லை. எப்படியானாலும் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும், அந்த வரியை இனி தொடக் கூடாது, நினைக்கக்கூடக் கூடாது என்று தீர்மானமாக நினைத்தார். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் காட்சி மேலே ஓடியது, விசாலம் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கணவனை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குத் தாழ்ப்பாள் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள். எண் இல்லை. யாரும் எப்போதும் சொல்லாதது. அதற்குப் பெரியவர் என்ன சொல்வார், அவள் எப்படிச் சிரிக்காமல் எழுந்து போவாள் என்பதெல்லாம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பேனாக்கள் நான்கும் வீட்டில் மேஜை மேல் கிடந்தன. மறந்துவிடக் கூடாதே என்று அதை இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அடுத்த பஸ் வந்து நின்று, கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டும், அவர் தலையை நிமிர்த்தவில்லை.